ஓசைக்கு உரியவர் யார்?

கல்லூரியில் 34 ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இசைக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, காலையில் வானொலி கேட்பதோடு முடிந்துவிடும். அப்படிப்பட்ட நான் கடந்த ஆண்டு ஆறு மாத காலம் ஓர் ஒலிக்கோவையை உருவாக்கும் முயற்சியில் பங்கேற்றேன் என்றால், என்னிடம் படித்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

அந்த ஒலிக்கோவையில் வீணை இல்லை; மிருதங்கம் இல்லை; பாட்டும் இல்லை. அம்மி, முறம், தையல் இயந்திரம், பரோட்டாக் கடையின் இரும்புக் கல், தண்ணீர்க் குடம், டவரா - தம்ளர் ஆகியவை எழுப்பும் ஓசைகளால் மட்டுமே ஆனது அது. 11 நிமிடங்களே ஒலிக்கும் அந்தப் படைப்பு, வகுப்பறையில் நான் பலமுறை பேசியும் வாழ்க்கையில் கவனிக்கத் தவறிய ஒரு கேள்வியை என் முன் வைத்தது. பலர் கூடி உருவாக்கிய ஒன்று யாருக்கு உரியது என்பதே அக்கேள்வி.

இப்படியும் ஒரு கலை உண்டா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். உண்டு, அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கும் மேலான வரலாறும் உண்டு.

பிரெஞ்சு வானொலியில் பொறியாளராகப் பணியாற்றிய பியர் ஷேஃபர், 1948-ஆம் ஆண்டு ஒலிப்பதிவு வண்டியுடன் பாரிஸ் நகரின் பத்தினோல் ரயில் நிலையத்துக்குச் சென்றார். அங்கு நின்ற ரயில் என்ஜின்களின் ஓசைகளைப் பதிவு செய்தார். ஓட்டுநர்களிடம், 'ஒருவர் தொடங்குங்கள். மற்றவர் பதில் சொல்லுங்கள்' என்ற முறையில் தம் விருப்பப்படி ஒலி எழுப்புமாறு கேட்டுக் கொண்டார். அந்தப் பதிவுகளிலிருந்து அவர் உருவாக்கிய ஒலிக்கோவை, வேறு நான்கு கோவைகளுடன் சேர்ந்து, அதே ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அவற்றில் ஒன்று, சுழன்று விழும் பாத்திர மூடியின் ஓசையைப் பயன்படுத்தியது.

அப்போது அவர் பணியாற்றியது இசைத்தட்டுகளில்தான். தட்டில் சுருளாகச் செல்லும் வரிப்பள்ளத்தை ஓரிடத்தில் வட்டமாக மூடிவிட்டால், முள் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். நம் வீடுகளில் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று கேலி பேசினோமே, அந்தக் குறையையே அவர் ஒரு கருவியாக்கினார். ஓர் ஓசை மீண்டும் மீண்டும் ஒலிக்கும்போது, அது எதிலிருந்து வருகிறது என்பதை மனம் மெல்ல மறந்து, அதன் ஏற்ற இறக்கத்தைக் கேட்கத் தொடங்குகிறது. ஏட்டில் எழுதிப் பின்னர் ஒலிக்கும் இசைக்கு மாறாக, கையில் கிடைத்த ஒலியிலிருந்தே தொடங்கும் இம்முறைக்கு 'மியூசிக் கான்க்ரீட்' என்று அவர் பெயரிட்டார்.

அமெரிக்காவின் ஜான் கேஜ் அதற்கு முன்பே, 1940-இல், வரவேற்பறையில் உள்ள மேசை, புத்தகங்கள், சன்னல் சட்டம் போன்றவற்றைத் தட்டி நால்வர் நிகழ்த்துவதற்கான ஒரு படைப்பை எழுதியிருந்தார். 1960-இல் அவர் குளியல் தொட்டி, பிரஷர் குக்கர், வானொலிப் பெட்டிகள் ஆகியவற்றுடன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினார். வானொலிப் பெட்டிகளின் மின்இணைப்பைச் செருகுவது எந்தத் தொழிற்சங்கத்தின் வேலை என்பதில் இரண்டு சங்கங்களுக்குள் தகராறு எழுந்தது. இணைப்பே தரப்படவில்லை. பெட்டியை இயக்க வேண்டிய இடத்தில் அதன் தலையில் தட்டியும், நிறுத்த வேண்டிய இடத்தில் அதைக் கீழே தள்ளியும் கேஜ் நிகழ்ச்சியை முடித்தார். பார்வையாளர்கள் சிரித்தனர். எனக்கோ அது பொருளாதாரப் பாடமாகத் தெரிந்தது. ஓசைக்குப் பின்னால் உழைப்பும், உழைப்புக்குப் பின்னால் உரிமையும் இருப்பதை அந்தத் தகராறு காட்டிவிட்டது.

நமக்கும் இது அந்நியமன்று. சமையலறைப் பானையின் உறவினரான கடம் கர்நாடக இசை மேடையில் மிருதங்கத்துக்கு அருகே அமர்ந்திருக்கிறது. நீர் நிரப்பிய பீங்கான் கிண்ணங்களே ஜலதரங்கம் ஆகின்றன.

எங்கள் முயற்சியைத் தொடங்கியவன் என் தங்கை மகன். ஒலிப் பொறியியல் படித்தவன். மதுரையில் எங்கள் தெருவின் ஓசைகளை மட்டுமே கொண்டு ஒரு கோவை உருவாக்க விரும்பினான். 'மாமா, தெருவில் எல்லோரையும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கூட வந்தால் போதும்' என்றான். ஆட்களை அறிமுகம் செய்வது, கணக்கு எழுதுவது, ஓசைகளின் வரிசையைத் தீர்மானிக்கையில் கருத்துச் சொல்வது ஆகியவை என் பொறுப்புகளாயின.

முதலில் எளிய ஓசைகளைப் பதிவு செய்தோம். தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுப் பேசிக் கொண்டிருக்கும் பெண்கள், திரும்பிப் பாராமலே குடம் நிரம்பப் போவதை அறிவார்கள். நீர் ஏற ஏறக் குடத்துக்குள் இருக்கும் காற்றின் உயரம் குறைகிறது. அதற்கேற்ப ஓசையின் சுருதி உயர்கிறது. அதைச் செவி அளந்து சொல்லிவிடுகிறது. 60 ஆண்டுகளாகக் கேட்டும் நான் கேட்காத ஓசை அது.

அடுத்து, மிதிகட்டை இயந்திரத்தில் தைக்கும் தையல்காரரிடம் சென்றோம். நேர்த்தையலில் ஒரு வேகம். கழுத்து வளைவில் ஒரு வேகம். மூலையில் துணியைத் திருப்பும்போது ஒரு நிறுத்தம். துணியே இல்லாமல் இயந்திரத்தை ஓட்டிக் காட்டுமாறு கேட்டோம். சீரான கடகடவோசை மட்டுமே வந்தது. அவரே சலித்துப் போய் ஒரு சட்டையை எடுத்துத் தைக்கத் தொடங்கினார். ஓசை உயிர் பெற்றது.

தெருமுனைப் பரோட்டாக் கடையில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கொத்துப் பரோட்டா போடும் ஓசை மதுரைக்காரர்களுக்கு மாலை நேரத்தின் அடையாளம். கடையில் கூட்டம் இல்லாத பிற்பகலில் வெறும் கல்லில் தட்டிக் காட்டுமாறு மாஸ்டரிடம் கேட்டோம். இரண்டு நிமிடம் தட்டினார், நிறுத்திவிட்டார். 'சும்மா தட்டச் சொன்னா கைக்கு வர மாட்டேங்குது சார். ஒரு பிளேட்டாவது போடணும்' என்றார். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டதும் இரும்பின் கூர்மையான ஓசை எழுந்தது. முட்டையும் சால்னாவும் சேர்ந்ததும் அது மழுங்கியது. துண்டுகள் சிறுத்ததும் வேகம் கூடியது. தட்டில் அள்ளி வைக்கும்போது ஒரு நீண்ட இழுப்பில் முடிந்தது. தொடக்கமும் நடுவும் முடிவும் உள்ள ஓர் உருப்படி அது. அன்று அவ்வாறு ஆறு பிளேட் போடச் செய்து பதிவு செய்தோம். அவற்றை உண்பதற்குத் தெருப் பிள்ளைகள் தாராளமாக உதவினர்.

இட்லி மாவு விற்று வாழும் ஓர் அம்மையார், மாவுக்கு மின் கிரைண்டரைப் பயன்படுத்தினாலும் வீட்டுக்குத் துவையல் அரைப்பது அம்மியில்தான். அவர் முறத்தில் உளுந்து புடைக்கும் ஓசை எங்கள் கோவையின் கடைசி இரண்டு நிமிடங்கள் ஆயிற்று. பதிவு செய்யும்போது அவர் ஒருமுறை நிறுத்தி, 'இது நல்ல உளுந்து இல்லை ஐயா, சத்தமே வேற' என்றார். வேறு உளுந்தை எடுத்து வந்து புடைத்தார். ஓசையைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் அல்லர், அவர்.

ஆறு மாதத்தில் கோவை முடிந்தது. ஒரு கலை அமைப்பு அதைச் சிறிய அரங்கில் ஒலிக்கச் செய்து 30,000 ரூபாய் மதிப்பூதியம் வழங்கியது. ஓசை தந்த மூவரையும் குடும்பத்துடன் அழைத்திருந்தோம். நுழைவாயிலில் கொடுத்த தாளில் தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று என் தங்கை மகனுடையது, மற்றது என்னுடையது. அதற்கும் கீழே, 'தெருமக்களின் ஒத்துழைப்புடன்' என்று ஒரு வரி. அந்த வரியை எழுதியவன் நான்தான். எழுதும்போது பெருந்தன்மையாகவே தோன்றியது.

நிகழ்ச்சி முடிந்ததும் தையல்காரரின் பள்ளி மாணவியான பேத்தி அந்தத் தாளைக் கொண்டுவந்து, 'இதுல எங்க தாத்தா பேரு எங்க சார்?' என்று கேட்டாள். தையல்காரர் அவளை அதட்டி அழைத்துச் சென்றார். நான் விடை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தைப் பிரித்தேன். ஒலிவாங்கி வாடகை இருந்தது. ஆட்டோ கட்டணம் இருந்தது. ஆறு பிளேட் கொத்துப் பரோட்டாவின் விலைகூட இருந்தது. பரோட்டாவைக் கொத்திய கைக்கு ஒரு வரியும் இல்லை. வாழ்நாள் முழுவதும் உழைப்பின் மதிப்பைப் பற்றிப் பாடம் நடத்தியவனின் கணக்கு அது.

எங்கே தவறினேன்? பொருள்களைத்தான் நாங்கள் பயன்படுத்துவதாக நான் கருதியிருந்தேன். அம்மிக்கும் முறத்துக்கும் பதிப்புரிமை ஏது? ஆனால், வெறும் கல்லும் துணியில்லா இயந்திரமும் எங்களுக்கு எதுவும் தரவில்லை என்பதை நானே கண்டிருந்தேன். நாங்கள் பதிவு செய்தது பொருளின் ஓசையை அன்று. பல்லாண்டுகள் பழகிய கையின் ஓசையை.

கூட்டு உழைப்பைப் பற்றிப் பொருளாதாரத்தில் புகழ்பெற்ற ஆய்வுரை ஒன்று உண்டு. 1972-இல் அர்மன் ஆல்ஷியன், ஹரால்ட் டெம்செட்ஸ் ஆகிய இருவர் எழுதியது. இருவர் சேர்ந்து ஒரு கனத்த சரக்கை வண்டியில் ஏற்றுகிறார்கள் என்றால், யார் எவ்வளவு தூக்கினார் என்பதை ஏற்றிய சரக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது அதில் வரும் எடுத்துக்காட்டு. விளைவு தனித்தனி உழைப்புகளின் வெறும் கூட்டுத்தொகை அன்று. எங்கள் 11 நிமிடங்களும் அத்தகையவையே.

பிரிக்க முடியாததை எப்படிப் பங்கிடுவது? அதற்கு லாயிட் ஷேப்லி 1953-இல் ஒரு வழி சொன்னார். 2012-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசை ஆல்வின் ராத்துடன் பகிர்ந்துகொண்ட அறிஞர் அவர். அவருடைய முறையை எங்கள் தெருவுக்குப் பொருத்திப் பார்க்கலாம். கை பழகிய மாஸ்டர் ஒருவர். ஒலிப்பதிவுக் கருவி வைத்திருப்பவர்கள் இருவர் என்று கொள்வோம். பதிவு உருவாக ஒரு மாஸ்டரும் ஒரு கருவியும் போதும். அதன் மதிப்பு 600 ரூபாய். மூவரும் ஒருவர் பின் ஒருவராக வருவதாகக் கருதினால், வரும் வரிசைகள் ஆறு. ஒவ்வொரு வரிசையிலும் யார் வந்து சேர்ந்ததும் பதிவு சாத்தியமாகிறதோ, அவர் கணக்கில் 600 ரூபாயை எழுத வேண்டும். பின்னர் சராசரி காண வேண்டும். மாஸ்டர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரும் நான்கு வரிசைகளிலும் அவரே பதிவைச் சாத்தியமாக்குகிறார். அவர் முதலில் வரும் இரண்டு வரிசைகளில், அடுத்து வரும் கருவிக்காரர் அதைச் செய்கிறார். ஆக, மாஸ்டரின் பங்கு 400 ரூபாய். கருவி வைத்திருப்பவர்களுக்குத் தலா 100 ரூபாய்.

இக்கணக்கு உணர்த்துவது என்ன? எது அரிதோ அதற்கே பங்கு அதிகம். 1948-இல் ஒலிப்பதிவுக் கருவி அரிது. அது ஒரு வானொலி நிலையத்தின் சொத்து. இன்று அது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசியாக இருக்கிறது. முறத்தில் உளுந்து புடைத்து, ஓசையைக் கொண்டே அதன் தரத்தைச் சொல்லும் கைதான் குறைந்து வருகிறது. ஆயினும், பெயரும் பணமும் இன்னமும் கருவி வைத்திருப்பவரையே சேர்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓர் ஒலிப்பதிவின் ஆசிரியராக அது கருதுவது அதன் தயாரிப்பாளரை. ஆனால், அதே சட்டம் 'நிகழ்த்துநர்' என்ற ஒரு பிரிவினரையும் அங்கீகரிக்கிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக் கலைஞர் ஆகியோருடன் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் அந்தப் பட்டியலில் உண்டு. 'நிகழ்த்திக் காட்டும் வேறு எவரும்' என்று அது முடிகிறது. பாம்பாட்டிக்கு இடமளித்த சட்டத்தில், ஒலிவாங்கியின் முன் நின்று தன் தொழிலை நிகழ்த்திக் காட்டும் பரோட்டா மாஸ்டருக்கு இடமில்லை என்று கொள்ள நியாயமில்லை என்பது என் கருத்து. நிகழ்த்துநராகப் பெயர் குறிப்பிடப்படும் உரிமையையும், வணிகப் பயன்பாட்டில் உரிமத்தொகை பெறும் உரிமையையும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்திருக்கிறது. கூட்டுப் படைப்புக்கு இச்சட்டம் தரும் விளக்கமும் கருதத்தக்கது. ஒருவரின் பங்களிப்பை மற்றவருடையதிலிருந்து பிரித்துக் காட்ட இயலாதவாறு பலர் இணைந்து உருவாக்கியதே கூட்டுப் படைப்பு என்கிறது அது. 1972-ஆம் ஆண்டின் அந்தப் பொருளாதார ஆய்வுரையும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது.

இக்கலையின் வரலாற்றிலும் இரு வழிகளைக் காண்கிறோம். ஷேஃபர் பின்னர் பியர் ஹென்றி என்ற இளம் இசைக்கலைஞருடன் இணைந்து 'தனி மனிதனுக்கான சிம்பொனி' என்ற படைப்பை உருவாக்கி 1950-இல் அரங்கேற்றினார். அதில் இருவர் பெயரும் இணைந்தே விளங்குகின்றன. ஆனால், ரயில் நிலையத்தில் ஓட்டுநர்கள் ஒலித்துக் காட்டிய கோவை ஷேஃபரின் பெயரில் மட்டுமே அறியப்படுகிறது.

பிரிட்டனில் 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை ரான் கிரெய்னர் எழுதினார். இழுத்துக் கட்டிய ஒரு கம்பியின் ஒலி, மின்னலைக் கருவிகளின் ஒலி ஆகியவற்றை நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டி அதைக் கேட்கும் இசையாக்கியவர் டெலியா டெர்பிஷயர். தம்முடன் அவருக்கும் உரிய அங்கீகாரம் தரப்பட வேண்டும் என்று கிரெய்னர் விரும்பினார். பிபிசி-யின் அன்றைய நடைமுறை அதற்கு இடம் தரவில்லை. டெர்பிஷயர் 2001-இல் காலமானார். தொடரின் திரையில் அவர் பெயர் இடம்பெற்றது 2013-இல், பொன்விழாச் சிறப்பு நிகழ்ச்சியில்தான்.

நம் நாட்டில் நம்பிக்கை தரும் ஒரு முன்னுதாரணம் உண்டு. மானாமதுரையில் கடம் வனையும் பெண்மணி ஒருவருக்கு சங்கீத நாடக அகாதெமி விருது வழங்கிச் சிறப்பித்தது. மேடையில் ஒலிக்கும் நாதத்தில், களிமண்ணைத் தட்டித் தட்டி உருவாக்கிய கைக்கும் பங்குண்டு என்பதை ஏற்றுக்கொண்ட செயல் அது.

நிகழ்ச்சிக்குப் பின் ஒரு வாரம் கழித்து நாங்கள் ஐவரும் என் வீட்டில் கூடினோம். என் தவற்றை ஒப்புக்கொண்டேன். செலவு போக 25,000 ரூபாய் இருந்தது. நான் ஷேப்லியின் கணக்கை விளக்கத் தொடங்கினேன். மாஸ்டர் இடைமறித்து, 'ஆளுக்குச் சமமா வச்சுருங்க சார். கணக்குப் பாத்தா சண்டைதான் வரும்' என்றார். யார் எவ்வளவு தூக்கினார் என்று அளப்பதற்கே செலவு அதிகம் என்று அந்த ஆய்வுரை விரித்துரைத்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். தலா 5,000 ரூபாய் என்று முடிவாயிற்று. 'முறத்துல புடைச்சதுக்குக் காசா?' என்று அம்மையார் தயங்கினார். வற்புறுத்திய பிறகே பெற்றுக் கொண்டார். தையல்காரர் பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'பேரைப் போடுறதுன்னா இனிஷியலோட போடுங்க சார்' என்று மட்டும் சொன்னார்.

இப்போது அந்தத் தாளில் ஐந்து பெயர்கள் அகர வரிசையில் உள்ளன. ஒலிக்கோவையின் தொடக்கத்திலும் அப்பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அவற்றை இக்கட்டுரையில் ஏன் குறிப்பிடவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். படைப்பில் பெயர் இடம்பெற அவர்கள் இசைந்தார்கள். நாளிதழில் இடம்பெற அல்ல. கேட்காமல் பெயரை விடுவது எப்படித் தவறோ, கேட்காமல் பெயரைப் பயன்படுத்துவதும் அப்படியே.

இன்று கல்லூரி மாணவர்களும் இளம் கலைஞர்களும் கைப்பேசியுடன் சந்தைகளுக்கும் பட்டறைகளுக்கும் சென்று ஓசைகளைச் சேகரிக்கிறார்கள். மறைந்து வரும் தொழில்களின் ஓசைகள் பதிவாவது நல்லது. அதற்கு முன் சிலவற்றை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். பதிவு செய்யும் முன் அது எதற்காக என்பதைச் சொல்லி இசைவு பெற வேண்டும். வருவாய் கிடைத்தால் அதை எவ்வாறு பகிர்வது என்பதை ஒரு பக்கத்திலாவது எழுதிக்கொள்ள வேண்டும். உரியவரின் பெயரை அவர் விரும்பும் வடிவில் குறிப்பிட வேண்டும். முடிந்த படைப்பை முதலில் அவருக்கே ஒலித்துக் காட்ட வேண்டும். இசையும் ஊடகவியலும் கற்பிக்கும் கல்லூரிகள் இதைப் பாடத்தின் ஒரு பகுதியாக்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

தையல்காரரின் பேத்திக்குப் புதிய தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் தாத்தாவின் பெயரைத் தேடி, விரல் வைத்து வாசித்தாள். பிறகு, 'முன்னாடியே போட்டிருக்கலாம்ல சார்?' என்றாள். ஆம், போட்டிருக்கலாம்.